ஏழாம் கேள்வி

நிரப்பிய தாள் ஒன்றுக்கு நாலு ரிங்கிட்.
தண்ணீர், குப்பை, பேருந்து என்று
ஆறு கேள்விகள் வழுக்கிக்கொண்டு போய்விடும்.
ஏழாவதில்தான் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்:
நாய்களை ஏவிக் காட்டுப்பன்றி வேட்டையாடுவதைத்
தடை செய்ய வேண்டுமா?
வேண்டும். வேண்டாம். கருத்தில்லை.
மூன்று கட்டங்கள்,
ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு.

பாயா தெருபோங் அடுக்குமாடியில்
பதினேழாம் தளத்தில் மின்தூக்கி திறந்தபோதே
பதில்கள் தயாராக நின்றன.
வேண்டும். வேண்டும். கட்டாயம் வேண்டும்.
மடியிலிருந்த வெள்ளை நாய்க்குட்டிக்கு
ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தவள்
பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்
கட்டம் கிழியக் கிழியக் குறியிட்டாள்.
காட்டுப்பன்றியைப் பார்த்ததுண்டா என்பது
தாளில் இல்லை.
நானும் கேட்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ்.
அங்கே ஒருவரும் கட்டங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.
டுரியான் தோட்டத்து கூய் செங்
வேர் மேலாகக் கிடந்த கன்றுகளிடம்
என்னை இழுத்துக்கொண்டு போனார்.
"இது அஞ்சு வருசம். அதுக்கு அஞ்சு நிமிசம்.
எழுது."
எதை எழுத?

காக் ரொகாயா நாயைத் தொடமாட்டார்,
பன்றியைப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டார்.
மரவள்ளி போன பாத்தியைக் காட்டி
"அவங்க ராத்திரியில வரட்டும்,
நான் கதவைச் சாத்திக்கிறேன்" என்றார்.
அப்படியென்றால் வேண்டுமா, வேண்டாமா?
தேநீரில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினார்.

பிரேமளா டீச்சருக்குச் சத்தம்தான் தாங்கவில்லையாம்.
நாய்கள் சுற்றி வளைத்ததும் அது கத்துவது
பிள்ளை கத்துவது போலவே இருக்கிறதாம்.
சொல்லும்போது கண் கலங்கியது.
"வேண்டும் போடுங்க" என்றவள்
அடுப்பை அணைக்க உள்ளே ஓடினாள்.
மிளகும் சோம்பும் வறுபட்ட வாசனை.
அண்ணன் கொடுத்தனுப்பிய ரெண்டு கிலோ.
எனக்கும் ஒரு டப்பாவில் போட்டுத் தந்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

கடைசி வீடு வைரக்கண்ணுவினுடையது.
பழைய லோரியின் நிழலில் நாலு நாய்கள்.
ஒன்றின் வயிற்றில்
தூண்டில் நரம்பால் போட்ட தையல்.
ஒன்பது வரை எண்ணினேன்,
அது திரும்பிப் படுத்துக்கொண்டது.

"தடை வந்தா நல்லதுதான்" என்றார் வைரக்கண்ணு.
என் பேனா நின்றது.
"நானா விட்டேன்னா
பயந்துட்டான், கிழவனாயிட்டான்னு சொல்லுவானுங்க.
சட்டம் நிறுத்திச்சின்னா
சட்டம்னு சொல்லிக்கலாம் பாரு."
குறியிட்டேன்.
"பேரு மட்டும் போடாத."

அந்நேரம் மகன் ஆணியிலிருந்து
லோரிச் சாவியை எடுத்தான்.
சின்ன சத்தம், காசு விழுந்தது மாதிரி.
மற்ற மூன்றும் காதைத் தூக்குமுன்
தையல் போட்டதுதான் முதலில் எழுந்தது,
வால் முதுகில் அடிக்க,
பின்கதவு திறக்கும் இடத்தில் போய் நின்றது.
வைரக்கண்ணு அதைப் பார்க்காமல்
என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தெட்டு விழுக்காடு வேண்டும் என்கிறார்கள்.
அலுவலகத்தில் கூட்டிச் சொன்னார்கள்.
ரிப்பனும் அதில்தான், மிளகு வாசனையும் அதில்தான்,
பெயர் போடாத ஒருவரும் அதில்தான்.
ஒரே ஒரு தாள் திரும்பி வந்தது.
கட்டத்துக்கு வெளியே எழுதக்கூடாதாம்:
"கதவைச் சாத்திக்கொள்வார்."
நாலு ரிங்கிட் குறைத்தார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.
டீச்சரின் டப்பாவை
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
மூடியில் மட்டும் வாசனை போகவில்லை.